வீட்டில் ஒலிப்பதிவு: குறைந்த செலவில் தெளிந்த குரல்

(சுந்தரபாண்டியத்தில் ஆசிரியர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் பாடம் ஒலிப்பதிவு செய்ய, கையைக் கடிக்காத விலையில் என்னென்ன கருவிகள் வாங்கலாம் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கருவிகளின் பட்டியலுக்கு வருவதற்கு முன்னால், எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு. பள்ளிகள் மூடியிருந்தன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டதால் அதில் பாடங்கள் வந்துகொண்டிருந்தன. அதோடு நாமும் ஏதாவது செய்வோமே என்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் ‘சொல்வதை எழுதுதல்’ பயிற்சியை என் கைப்பேசியில் பதிவு செய்து பெற்றோர் எண்களுக்கு அனுப்பினேன். பத்துச் சொற்கள். எழுதிய நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

படங்கள் வந்தன. பள்ளி என்பதைப் பலர் ‘பல்லி’ என்று எழுதியிருந்தார்கள். வாழை ‘வாளை’ ஆகியிருந்தது. மணம் ‘மனம்’ ஆகியிருந்தது. வகுப்பில் சரியாக எழுதுகிற பிள்ளைகளும் தப்பாக எழுதியிருந்தார்கள். வீட்டில் கவனிக்க ஆள் இல்லை, அதுதான் காரணம் என்று எனக்குள் முடிவு செய்து, வரிசையாகச் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

சில நாள் கழித்துப் பாடநூல் கொடுக்கும் வேலையாகப் போனபோது, நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தியிடம், “பள்ளின்னு எழுதத் தெரியாதா உனக்கு?” என்று கேட்டேன். அவள் தயங்கிவிட்டு, “நீங்க அப்படித்தான் சார் சொன்னீங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் அம்மாவின் கைப்பேசியை வாங்கி அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் கேட்டது. சொன்னவன் நான், நான் சொன்னது லகரமா ளகரமா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகள் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருந்தார்கள். தப்பு என்னுடையது. மதிப்பெண்களை அடித்துவிட்டு மறுபடி பதிவு செய்து அனுப்பினேன். அன்று முதல் இந்த ஒலிப்பதிவு விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நமக்குப் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ தேவையில்லை. நமக்கு வேண்டியது, மலிவான கைப்பேசியில், சத்தம் உள்ள வீட்டில் கேட்கிற பிள்ளைக்கும் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான். கருவி வாங்கும்போது இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், என் பதிவில் என்ன கெட்டுப்போனது என்று பார்ப்போம். நாக்கு எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் தொல்காப்பியர் பிறப்பியலில் பெரும்பாலான மெய்யெழுத்துகளைப் பிரிக்கிறார். காதும் அதைத்தான் தேடுகிறது. ‘பள்ளி’ என்று சொல்லும்போது, பகரத்தின் அகர ஒலியிலிருந்து நாக்கு மேலே வளைந்து போகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் வருவது ளகரம் என்ற அடையாளம் பெரும்பாலும் இருக்கிறது. அந்த நேரத்தில் முந்தைய ஒலியின் எதிரொலி வந்து விழுந்தால் அடையாளம் அழிந்துவிடும்.

நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். இருபதடி அறை. சிமெண்ட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. நம் பக்கத்து வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்ப, நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும். அதோடு நின்றுவிடாது, சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். வகுப்பில் நேரில் பேசும்போது பிள்ளை நம் வாயைப் பார்க்கிறது, இரண்டு காதாலும் கேட்கிறது. அதனால் எதிரொலியை ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது. வந்ததை எல்லாம் அள்ளிக்கொள்ளும். நான் அன்று பதிவு செய்தது ஆளில்லாத வகுப்பறையில், கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று. கெடாமல் என்ன செய்யும்?

ஆகவே, முதல் செலவு இடத்துக்கு. அதற்குப் பெரும்பாலும் காசே வேண்டாம்.

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறைகளில் சுவரில் துளையிட்ட பலகை அடித்து, பின்னால் பஞ்சு போன்ற பொருளை வைத்திருப்பார்கள். ஒலி உள்ளே போய் அங்கேயே அடங்கிவிடும். நாமோ பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்துக்கும், தறி நெய்யும் சுந்தரபாண்டியத்துக்கும் நடுவில் இருக்கிறோம். நம்மிடம் பஞ்சுக்கும் துணிக்கும் பஞ்சமா? வீட்டில் சின்ன அறையாகப் பாருங்கள். பஞ்சு மெத்தை, தலையணை, துணி நிறைந்த பீரோ இருக்கிற படுக்கையறைதான் நல்லது. ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து, அது உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி உட்காருங்கள். நீங்கள் பேசும் திசையில் திறந்த பீரோவும் அதில் தொங்கும் சேலைகளும் இருந்தால் இன்னும் நல்லது. தரையில் ஜமுக்காளம் விரியுங்கள்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லுவார்கள். வேண்டாம். அது மெல்லிய காகிதக்கூழ். ஒலியை அவ்வளவாக உறிஞ்சாது, பூச்சிதான் சேரும். ஓர் அங்குல ஸ்பாஞ்சுப் பலகைகளும் விற்கிறார்கள். அவை கீச்சென்ற ஒலியை மட்டும் குறைக்கும். ஆண்குரலின் அடித்தொனி அப்படியே முழங்கும். நாலு அங்குலப் பஞ்சு மெத்தை அதைவிட நன்றாக வேலை செய்யும். அது நம் வீட்டிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பஞ்சு, அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியே இருந்து வரும் தறிச் சத்தத்தையும் பஸ் ஹாரனையும் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும். அது நம் செலவுக்குள் வராது. அதற்கு நேரம் பார்ப்பதுதான் வழி. தறி நிற்கிற நேரம், விடியற்காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று உங்கள் தெருவுக்கு ஒரு அமைதியான நேரம் இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி பக்கத்தில் இருந்தால் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். பிறகு மறக்காமல் போடுங்கள். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, தூரம். இதற்கும் காசு வேண்டாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். இரண்டு சாணாக்கினால் மைக்கைத் தொடும் நேரடிக் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். நான்கு சாணாக்கினால் குரல் காலாகிவிடும். நான்கடி தள்ளி வைத்த பதினைந்தாயிரம் ரூபாய் மைக்கைவிட, ஒரு சாணில் வைத்த சாதாரணக் கைப்பேசி நன்றாகப் பதியும். நேராக வாய்க்கு எதிரில் வைக்காமல் கன்னத்தோரமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். அப்போதுதான் மூச்சுக் காற்று மோதாது. நம் பகரத்தில் காற்று அதிகம் வெடிப்பதில்லை. ஆனால் ஆங்கிலப் பாடம் எடுக்கிறவர்கள் ‘பென்’, ‘பேப்பர்’ என்று சொன்னதும் ‘டொப்’ என்று அடிக்கும். அதற்குத் தடுப்பு வேண்டுமென்றால், பூவேலை செய்யும் மரவளையத்தில் மெல்லிய நைலான் வலைத்துணியை இரண்டு மடிப்பாகப் பூட்டி மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்துங்கள். கடையில் விற்கும் பாப் ஃபில்டரும் அதுதான்.

மூன்றாவது, கேட்பதற்கு ஒரு ஹெட்ஃபோன். மைக்குக்கு முன்னால் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பதிவில் உள்ள குறை தெரியாவிட்டால் எந்த மைக் வாங்கினாலும் பயனில்லை. காதை முழுதாக மூடுகிற, ஒயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் போதும். ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். கையில் இருக்கிற இயர்ஃபோனிலும் தொடங்கலாம். புளூடூத் வகை வேண்டாம். பேசும்போதே கேட்டால் குரல் தாமதித்து வந்து நம்மைத் திக்க வைக்கும்.

இனி மைக்குக்கு வருவோம். நம் தேவைக்கு மூன்று படிகள் சொல்கிறேன். விலைகள் சுமாராகத்தான், கடைக்குக் கடை மாறும்.

முதல் படி, ஆயிரம் ரூபாய்க்குள். சட்டையில் குத்துகிற ஒயர் காலர் மைக். போயா நிறுவனத்தின் பி.ஒய்.-எம்1 போன்றவை ஆசிரியர்களிடம் பரவலாக இருக்கின்றன. ஆறு மீட்டர் ஒயர், உள்ளே எல்.ஆர்.44 என்ற சின்ன பொத்தான் பேட்டரி. கைப்பேசிக்கு ஒரு நிலை, கேமராவுக்கு ஒரு நிலை என்று சுவிட்ச் இருக்கும். அதை மாற்றி வைத்துவிட்டு மைக் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த மைக்கின் பலம், வாயிலிருந்து அதன் தூரம் மாறாமல் இருப்பது. கரும்பலகையில் எழுதிக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது. வாங்கும்போது பின்னைப் பாருங்கள். கைப்பேசிக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். இரண்டு வளையம் இருந்தால் அது கைப்பேசியில் நேராக வேலை செய்யாது. உங்கள் கைப்பேசியில் வட்டத் துளையே இல்லையென்றால் டைப்-சி இணைப்பான் ஒன்று தனியாக வேண்டும்.

ஒயர் இல்லாத காலர் மைக் ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே என்பீர்கள். அவற்றில் பலவற்றில் ‘சத்தம் குறைப்பு’ என்று ஒரு வசதி உண்டு. மெல்லிய ஒலி வந்தால் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். தமிழில் சொல்லின் கடைசியில் வருகிற குற்றியலுகரம் மெல்லிய ஒலிதானே? ‘காட்டு’, ‘பாக்கு’ என்று சொன்னால் கடைசி எழுத்துத் தேய்ந்துவிடும். எழுதப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. வாங்கினால், அந்த வசதியை அணைத்து வைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது படி, மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை. மடிக்கணினியில் நேராகச் செருகும் யு.எஸ்.பி. மைக். இதில் இரண்டு இனம் உண்டு. கண்டென்சர் வகை நுணுக்கமாகக் கேட்கும். அதனால் அடுத்த தெருச் சத்தத்தையும் கேட்கும். டைனமிக் வகை பக்கத்தில் பேசுவதைத்தான் முக்கியமாக எடுக்கும். விழாக்களில் மைக் செட்காரர் நம் கையில் கொடுக்கிற அகுஜா மைக் இந்த டைனமிக் இனம்தான். அமைதியான வீடு என்றால் கண்டென்சர் வாங்கலாம். தறி ஓடும் தெரு, பேருந்து போகும் சாலை என்றால் டைனமிக்கே நல்லது. ஒரு சாணுக்கும் குறைவாக, நான்கைந்து விரல் தூரத்தில் வைத்துப் பேசுங்கள். இரண்டு இனத்திலும் ‘கார்டியாய்டு’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கக் குரலை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கும் என்பது அதன் பொருள். மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாலே தெருச் சத்தம் குறையும்.

மூன்றாவது படி, பத்தாயிரத்துக்கு மேல். மூன்று முள் உள்ள எக்ஸ்.எல்.ஆர். மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும். பெஹ்ரிங்கர் யு.எம்.2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவை இந்த வகை. நல்ல தரம்தான். ஆனால் ஓர் ஆசிரியர் தனியாக இதை வாங்கத் தேவையில்லை. குறுவள மைய அளவில் சில பள்ளிகள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே என் இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்டுடியோ மைக் செட்’ என்று ஸ்டாண்டு, வலை, பஞ்சு உருண்டை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்றார்கள். ஆசைப்பட்டு வாங்கினேன். மடிக்கணினியில் செருகினால் குரல் ஈனமாக வந்தது. எக்ஸ்.எல்.ஆர். கண்டென்சர் மைக்குகளுக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரம் ஒயர் வழியாகப் போக வேண்டும். ‘ஃபாண்டம் பவர்’ என்பார்கள். அதற்குத் தனிப் பெட்டி வேண்டும் என்பதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியில் எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணி வாங்காதீர்கள். என் கைப்பேசியில், என் கணினியில் அப்படியே வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள்.

துணைச் சாமான்களில் காசு மிச்சம் பிடிக்கலாம். மேசை ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால், மேசையில் கை பட்டாலும் சத்தம் ஏறாது. தாள் புரட்டும் சத்தம் வராமல் இருக்க, பாடத்தைத் தனித்தனித் தாளில் எழுதிப் பரப்பி வையுங்கள். மடிக்கணினியில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பல வீடுகளில் அதிலேயே சரியாகிவிடும்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஆடாசிட்டி இலவசம். பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி சும்மா இருந்து அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். பிறகு அதை மாதிரியாகக் காட்டினால் பின்னணி இரைச்சலை மென்பொருள் குறைக்கும். அளவாகச் செய்யுங்கள், அதிகமானால் குரல் தகரத்தில் பேசுவது போல் ஆகிவிடும். எதிரொலியை அது நீக்காது. ஒலி அளவுமானி பூஜ்யத்தைத் தொடக்கூடாது. மிக உரத்த இடத்திலும் கழித்தல் 6 டெசிபலுக்குக் கீழே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டிக் கரகரத்த குரலை ஒழுங்காகத் திருத்தவே முடியாது.

அனுப்பும்போது பெற்றோரின் டேட்டாவையும் நினைக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சை வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் வைத்தால் 50 எம்.பி.க்கு மேல் வரும். அதையே எம்.பி.3யில் 64 கே.பி.பி.எஸ். அளவில் ஒற்றைத் தடமாக மாற்றினால் 5 எம்.பி.க்குள் அடங்கும். பேச்சுக்கு அது தாராளம். பத்து நிமிடத்தையும் மூன்று மூன்று நிமிடமாகப் பிரித்து அனுப்பினால், விட்ட இடத்தைப் பிள்ளையே மறுபடி கேட்டுக்கொள்ளும்.

பள்ளிகள் திறந்து எத்தனையோ காலமாகிவிட்டது, இப்போது இது எதற்கு என்று கேட்கலாம். உடம்பு முடியாமல் நாள்கணக்கில் வராத பிள்ளைக்கு வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நல்ல ஒலிப்பதிவுதான் பாடநூல். அதைவிட, பிள்ளைகளின் குரலையே பதிவு செய்து அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘மழை’ என்று படித்ததாக நினைத்த பிள்ளை, தன் குரலில் ‘மலை’ என்று கேட்கும்போது தானே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். நாம் பத்து முறை திருத்துவதைவிட அது நன்றாக நிற்கிறது. அதற்கும் பதிவு தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் செய்த மாதிரி, சரியாகப் படித்த பிள்ளையைத் தப்பு என்று சொல்லிவிடுவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எதையும் வாங்கும் முன், இன்று இரவே கையில் இருக்கிற கைப்பேசியில் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளி, பல்லி, மழை, மலை, வாழை, வாளை, மணம், மனம் என்ற எட்டுச் சொற்களை வரிசை மாற்றிப் பதிவு செய்யுங்கள். ந, ன வேண்டாம்; அவற்றை இன்றைய பேச்சில் காது பிரிப்பதில்லை. வீட்டிலேயே விலை குறைந்த கைப்பேசியில் அதைப் போட்டு, சொற்களைப் பார்க்காத ஒருவரை எழுதச் சொல்லுங்கள். எட்டும் சரியாக வந்தால் உங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. தப்பினால் முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு தூரத்தை மாற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கடைக்குப் போங்கள்.

நானும் இப்போது எந்தப் பதிவையும் அப்படிச் சோதிக்காமல் அனுப்புவதில்லை. “நீங்க அப்படித்தான் சார் சொன்னீங்க” என்று இன்னொரு பிள்ளை சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளக் கூடாது.